நட்சத்திரத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி

தற்காலிகக் குப்பையை மட்டும் அழி
என்றுதான் எழுத நினைத்தேன்.
நட்சத்திரக் குறிக்கும் புள்ளிக்கும் நடுவே
பெருவிரல் ஒருக்கால் சும்மா தட்டிவிட்டது.
கறுப்புத் திரை அதை வேறு மாதிரி வாசித்தது:
முதலில் எல்லாவற்றையும்,
மறுகா குப்பையையும்.

நிச்சயந்தானா என்று அது கேட்கவில்லை.
கேட்காதே என்று சொல்லும் எழுத்தையும்
நானேதான் சேர்த்திருந்தேன்.
பதினொரு வருசம் போக
ஒரு மிடறு பிளேன்டீ இறங்கும் நேரம்.
அடுத்த வரியில் துடிகுறி
ஒன்றும் நடவாததுபோல் சிமிட்டிக்கொண்டு நின்றது.

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
முனவ்வர் நானாவின் ஸ்டூடியோ.
அடையாள அட்டைக்கு, பாஸ்போட்டுக்கு,
கட்டாருக்குப் போகும் மூன்று மாதக் குழந்தைக்கு.
இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது.

ஒலுவில் கம்பஸிலிருந்து றிப்கான் போனில் கத்தினான்:
"ஒண்டையும் சேவ் பண்ணாதீங்க! வயரைப் புடுங்குங்க!
வீடு அப்பிடியே நிக்கிது அக்கா,
இலக்கத் தகட்டைத்தான் கழட்டியிருக்கீங்க.
இன்னொருத்தன் குடிவாற வரைக்கும்
சாமான் எல்லாம் உள்ளுக்குத்தான்."

ஹாட் டிஸ்கைக் கழற்றி
இன்னொரு கொம்பியூட்டரில் பூட்டினோம்,
வாசிக்க மட்டும், எழுதத் தடை.
இரவில் இரண்டு தரம் கரண்ட் போனது.
மருந்துக்கடை மச்சானிடம் கேட்டு
முனவ்வர் நானா ஒரு பற்றரிப் பெட்டியைத்
தூக்கிக்கொண்டு படியேறினார்.
என்னை ஏசவில்லை.
ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பேன்.

விடியும்போது முகங்கள் வந்தன.
முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
ஒன்றுக்கும் பெயரில்லை, திகதியில்லை,
ஒன்பது இலக்க எண் மட்டும்.
நான் வேண்டுமென்றே அழித்தவையும் வந்தன:
கண்ணை மூடியவர்கள், தும்மியவர்கள்,
ஆளில்லாத நேரம் நானா தன்னைத்தானே எடுத்துப் பார்த்தது.
சிலருக்குக் கழுத்துக்குக் கீழே
வெறும் சாம்பல் நிறம்.

ஆம்பிளைகள் எல்லாருக்கும் ஒரே கோட்.
ஸ்டூடியோ கோட்.
இடது கையோரம் தையல் விட்டது.

பெரியநீலாவணையிலிருந்து பவளராணி வந்தது வியாழக்கிழமை.
மீன்பிடி அட்டைக்கு அவர் எடுத்த படம்
இங்கதானே கிடக்கும், பெரிசாக்கோணும்,
ஞாயிறு முப்பத்தொண்டு.
நான் நடந்ததைச் சொன்னேன்.
அவ கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டா.
"காட்டுகா."

ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மத்தியானம் சாப்பிடவில்லை.
"இது வலை பின்னுற கணேசமூர்த்தி.
இது எங்கட ஜீஎஸ், அப்ப மயிர் இருந்திருக்கு பாருங்கோ.
இந்தப் பொடிச்சி இப்ப நேர்ஸ், அக்கரைப்பற்றில.
இவர் எனக்குக் காசு தரோணும்."
தன்னை அறியாமல் சொல்லிக்கொண்டே போனா.
எண்ணை அழித்துப் பெயரை எழுதிக்கொண்டே
பின்னால் ஓடினேன்.
தெரியாத முகங்களுக்கு உதட்டைப் பிதுக்கினா,
அவர்கள் எண்ணாகவே கிடக்கட்டும்.

வெள்ளி பின்னேரம், நாலாயிரத்துக்குக் கிட்ட,
கை திரையைத் தொட்டது.
ஒன்றும் சொல்லவில்லை.
முகம் முழுசாக இருந்தது.
வலத் தோளிலிருந்து கீழே சாம்பல்.
"கோட் அவருக்குப் பெரிசு" என்றா, கொஞ்சம் கழித்து.
"வேர்க்குது வேர்க்குது எண்டு
அண்டைக்கு முழுக்கப் புறுபுறுத்தவர்."

பெயரை எழுதட்டா என்று கேட்டேன்.
தான் எழுதுவதாகச் சொன்னா.
விசைப்பலகையை அவ பக்கம் திருப்பினேன்.
ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாய்த் தேடி,
முதலெழுத்து, ஒரு புள்ளி.
பிறகு நிமிர்ந்து கேட்டா:
"இடையில கொஞ்சம் இடம் விடோணும்தானே?"

ஓம் என்றேன்.
அவவின் பெருவிரல்
நீளமான கட்டையின் மேல் இறங்குவதை
மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.